நாற்பதை நெருங்கும்போது எம்பிஏ: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில், உற்பத்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கெமிக்கல் எஞ்சினியரிங் முடித்து 15 வருடம் ஷிஃப்ட் பார்த்த பிறகு, 2013ல், 37 வயதில், புதுச்சேரியில் வார இறுதி எம்பிஏவில் சேர்ந்தேன். 2015 நடுவில் முடித்தேன். அன்றிலிருந்து டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பாதி பதில் சொல்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. படித்த இடத்தின் பெயரும் வேலை பார்க்கும் இடத்தின் பெயரும் இதில் வராது. கேட்காதீர்கள்.

இந்த வயசுல படிச்சு என்னங்க பண்ணப் போறீங்க?

இதை முதலில் கேட்டவர் என் மாமனார். அவருக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

22 வயதில் எம்பிஏ படிக்கிற பையனுக்கு 'தொழிலாளர் உறவு' என்பது ஒரு பாடம், பத்து மதிப்பெண். எனக்கு அது இரவு ஷிஃப்டில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எட்டுப் பேர் கேன்டீன் வாசலில் உட்கார்ந்துவிட்ட அந்த இரவு. பாடத்தைப் படிக்கும்போதே அந்த முகங்கள் வந்து நின்றன. எங்கே தப்பாகப் பேசினேன் என்பது பத்து வருடம் கழித்துத் தெரிந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இதைத்தான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்: நிர்வாகம் செய்தே பார்க்காதவரை வகுப்பில் உட்காரவைத்து நிர்வாகி ஆக்க முடியாது, ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவருக்குத்தான் அந்த வகுப்பு பயன்படும் என்று. அவர் சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். என் விஷயத்தில் இல்லை.

இது புதுசும் இல்லை. வேலையில் இருப்பவர்களுக்கென்றே எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவை சிகாகோ பல்கலைக்கழகம் 1943லேயே ஆரம்பித்துவிட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. நமக்கு 37 வயது ஒரு தடையா?

எக்ஸிகியூட்டிவ், பார்ட் டைம், தொலைநிலை, ஆன்லைன்... தலை சுத்துது. எது எது?

சுற்றத்தான் செய்யும். விளம்பரம் போடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைக்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுநேரமாகப் படிப்பது ஒரு வகை. அகமதாபாத் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) 2006ல் தொடங்கிய ஒரு வருடப் படிப்பு இந்த ரகம். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வீட்டில் ஒரு வருடம் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறு வகுப்புக்குப் போவது இன்னொரு வகை, நான் செய்தது. தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நேரம் உங்கள் கையில் இருக்கும். அதனாலேயே பலருக்கு அது கையை விட்டுப் போயும் விடும்.

கவனிக்க வேண்டியது பட்டமா, சான்றிதழா என்பது. பெரிய பெயருள்ள நிறுவனங்கள் ஆறு மாதம், பத்து மாதம் என்று நடத்தும் 'எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்' பெரும்பாலும் சான்றிதழ்தான். அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கலாம். ஆனால் 'முதுநிலைப் பட்டம் அவசியம்' என்று கேட்கிற பதவி உயர்வுக்கு அது செல்லாது. ஐஐஎம்களே 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பட்டம் கொடுக்க முடியாமல் டிப்ளமோதான் கொடுத்துக்கொண்டிருந்தன. அவர்கள் டிப்ளமோவுக்கு இருந்த மரியாதை வேறு, அது எல்லோருக்கும் வராது.

தொலைநிலைப் பட்டம் மட்டமா என்று கேட்கிறவர்களுக்கு: அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022ல் அறிவித்துவிட்டது. 'அனுமதி பெற்ற' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சேரும் வருடத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்களே பாருங்கள். சேர்த்துவிடும் ஏஜென்ட் சொன்னார் என்று பணம் கட்டாதீர்கள்.

நம்ம பக்கத்துல எங்க படிக்கலாம்?

நம் மாவட்டத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். தெற்கே சிதம்பரத்தில் 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1979லிருந்து தொலைதூரக் கல்வி நடத்துகிறது. நெய்வேலியிலும் கடலூரிலும் அரசு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பட்டப் படங்களில் பாதி அங்கிருந்து வந்தவை. வடக்கே புதுச்சேரியைத் தாண்டி காலாப்பட்டில், 1985ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே நேரடி மேலாண்மைத் துறையும் உண்டு, தொலைநிலைக் கல்வி இயக்ககமும் உண்டு. சென்னைக்குப் போகத் தயார் என்றால் வார இறுதி வகுப்புகள் இன்னும் அதிகம். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, ஞாயிறு நள்ளிரவு திரும்பி, திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நிற்பதை இரண்டு வருடம் செய்ய உடம்பு வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூன்று மாதத்தில் நிறுத்திக்கொண்டார். படிப்பு கஷ்டம் என்று இல்லை, ஈசிஆர் ரோடு கஷ்டம்.

உண்மையிலேயே ஆள் மாறுவாரா?

மாறுவார். முதல் மூன்று மாதம் கெட்டதாக மாறுவார்.

எனக்கு வாயைத் திறந்தால் புதுச் சொல்லாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகருக்கு மீன் வாங்கப் போகச் சொன்னதற்கு, "எனக்கு இதுல ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் அதிகம்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "சரி, சாம்பார்தான்" என்றாள். அடுத்த மூன்று வாரமும் சாம்பார்தான். ஒன்றைச் செய்வதால் கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்புதான் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட், தமிழில் வாய்ப்பிழப்புச் செலவு. அது என்ன என்பதை எந்தப் பேராசிரியரும் இவ்வளவு தெளிவாக நடத்தவில்லை.

நல்ல மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. அதுவும் ஒரு தப்பு செய்த பிறகு.

எங்கள் ஆலையில் ஒரு முக்கிய மூலப்பொருள் குஜராத்திலிருந்து லாரியில் வரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய்க்குப் பயன்படுத்துவோம். ஸ்டோர்ஸில் எப்போதும் 45 நாள் ஸ்டாக் இருக்கும். ஏன் 45 என்று யாருக்கும் தெரியாது, எப்போதும் அப்படித்தான். படிப்பை முடித்த சூட்டோடு நான் கணக்குப் போட்டேன்: 45 லட்சம் ரூபாய் டிரம்மில் அடைந்து கிடக்கிறது. அன்றாடச் செலவுக்கு வங்கியில் கடன் எடுக்கும் சிசி அக்கவுண்டில் 12 சதவீதம் வட்டி. லாரி வர சராசரியாக ஏழு நாள். 15 நாள் ஸ்டாக் போதும். 30 லட்சம் வெளியே வரும், வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் வட்டி மிச்சம். ஒரு தாளில் எழுதி மேலே கொடுத்தேன். மேலே இருந்தவர்களுக்குப் பிடித்துப் போனது. 17 வருடத்தில் முதல் தடவையாக என்னை கூட்டத்தில் பேர் சொல்லிப் பாராட்டினார்கள்.

அது 2015 ஆகஸ்ட். அந்த வருடம் நவம்பரிலும் டிசம்பரிலும் மழை வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரி விழுப்புரம் பக்கம் நின்றுவிட்டது. இங்கே ஸ்டாக் தீர்ந்தது. ரியாக்டர் நாலு நாள் சும்மா நின்றது. அந்த நாலு நாளில் போனது, வருடம் முழுக்க மிச்சமாகியிருக்கக் கூடிய வட்டியை விட அதிகம்.

ஸ்டோர்ஸில் ஓய்வுபெறும் வயதில் ஒரு அண்ணன் இருந்தார். பத்தாம் வகுப்பு படித்தவர். அவர் என்னைத் திட்டவில்லை. காலி ரேக்கைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, ஒம் புஸ்தகத்துல கெடிலம் ஓடாதா?" என்றார். கெடிலம் எங்கள் கடலூரில் ஓடும் ஆறு. அவ்வளவுதான்.

ஓடுகிறது. அதுதான் வேதனை. சரக்கு தாமதமானால் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்பு என்பதைச் சராசரி நாளை வைத்துப் போடக் கூடாது, அந்த நாள் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதை வைத்துத்தான் போட வேண்டும் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் ஏழு நாள் 18 நாள் ஆகும் என்பது அந்த அண்ணனுக்குத் தெரியும். அதைச் சூத்திரத்தில் எங்கே வைப்பது என்பது எனக்குத் தெரியும். நான் அவரிடம் போய்க் கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் இருவரும் உட்கார்ந்து போட்டோம். பழைய வரவுப் பதிவேடுகளை அவர் எடுத்துக் கொடுத்தார். மாதவாரியாக லாரி எத்தனை நாளில் வந்தது என்று ஆறு வருடத்துக்குப் பிரித்தோம். கோடையில் 15 நாள், அக்டோபர் பிறந்தால் 40 நாள் என்று முடிவானது. இன்றும் அதுதான் நடக்கிறது. என்ன மாறியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இப்போதெல்லாம் ஒரு கணக்குப் போட்டு முடித்ததும், இதில் எந்தக் கெடிலத்தை விட்டேன் என்று யாரிடமாவது போய்க் கேட்டுவிடுகிறேன்.

எனக்கு பேலன்ஸ் ஷீட்டே புரியாது. அக்கவுன்ட்ஸ் பேப்பர் தேறுமா?

தேறும். எஞ்சினியர்கள்தான் இதில் அதிகம் பயப்படுகிறார்கள், அவர்களுக்குத்தான் சீக்கிரம் பிடிபடுகிறது. உள்ளே போனது, வெளியே வந்தது, உள்ளே தங்கியது. மெட்டீரியல் பேலன்ஸ் போட்டவனுக்கு இது புதுசா?

பாடம் புரிந்துவிட்டதென்று நான் நம்பியது வகுப்பில் இல்லை, மஞ்சக்குப்பத்தில் என் மச்சான் ஹார்டுவேர் கடையில். "லாபம் வருது மாமா, ஆனா கையில காசே இல்ல" என்று நாலு வருடமாகப் புலம்புவான். யாரோ திருடுகிறார்கள் என்று கடைப் பையன் மேல் சந்தேகம். ஒரு சாயங்காலம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மாதம் நாலு லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறான், கம்பெனிக்கு 30 நாளில் பணம் கட்டிவிடுகிறான். மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் இவனுக்குக் கொடுப்பது சராசரியாக 75 நாளில். நடுவில் 45 நாள், அதாவது ஒன்றரை மாதச் சரக்குக் காசு, ஆறு லட்சம் ரூபாய், ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும் வீடுகளின் கதவிலும் குழாயிலும் இருக்கிறது. திருடன் யாரும் இல்லை. வியாபாரம் கூடக் கூட அந்த ஆறு லட்சமும் கூடும், நல்லா விற்கிற மாதத்தில்தான் கை இன்னும் காயும் என்றதும், அவன் போய்க் கடைப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

சம்பளம் ஏறுமா?

எனக்கு உடனே ஏறவில்லை. இரண்டரை வருடம் கழித்து ஒரு பதவி உயர்வு வந்தது. படிப்பால் வந்ததா, எனக்கு மேலே இருந்தவர் துபாய் போனதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் வகுப்பில் வேலை மாறியவர்களுக்கு ஏறியது, அதே நாற்காலியில் இருந்தவர்களுக்குப் பெரிதாக இல்லை. சம்பளம் மட்டுமே குறி என்றால், கட்டப்போகும் பணத்தையும் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒரு பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நான் தமிழ் மீடியம். கிளாஸ்ல வாயே தொறக்க முடியாதோன்னு பயமா இருக்கு.

நானும் பிளஸ் டூ வரை திருப்பாதிரிப்புலியூரில் தமிழ் வழிதான். முதல் பிரசன்டேஷனில் கை நடுங்கியது, மைக்கைத் தவிர்த்தேன். உண்மையைச் சொன்னால், வகுப்பில் ஆங்கிலம் சரளமாகப் பேசியவர்களில் சிலர் ஒன்றுமே சொல்லாமல் பத்து நிமிடம் பேசக் கூடியவர்கள். மூன்றாவது மாதத்தில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. நான் கண்டுபிடித்த வழி: எந்தப் பாடத்தையும் முதலில் தமிழில் என் மகளுக்குச் சொல்லிப் பார்ப்பேன். தமிழில் சொல்ல வராவிட்டால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். புரிந்துவிட்டால் ஆங்கிலம் எப்படியோ வந்துவிடும், இலக்கணம் முன்பின் இருந்தாலும்.

வகுப்பில் உட்கார்ந்து படிப்பதில் அப்படி என்ன கிடைத்துவிடும்? எல்லாம் யூடியூபிலேயே இருக்கே.

பாடம் இருக்கிறது. ஆள் இல்லை.

என் வரிசையில் ஒரு வங்கி அதிகாரி, நெய்வேலியிலிருந்து வந்த சுரங்கக்காரர், புதுச்சேரி வெள்ளை நகரத்தில் ஒரு ஓட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு மருத்துவமனையின் செவிலியர் மேற்பார்வையாளர். இந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாள் லிட்டில் விதியை நடத்தினார்கள். ஜான் லிட்டில் என்பவர் 1961ல் நிரூபித்தது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதால் பெருக்கினால் வந்துவிடும். அவ்வளவுதான் விதி. பேராசிரியர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இந்த அம்மா நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார். மணிக்கு 30 பேர், இரண்டு மணி நேரம், 60. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க ஓபியில நாற்பது நாற்காலிதான் சார் இருக்கு. இருபது பேர் நிக்கறாங்க, நான் பத்து வருஷமா கூட்டத்தைத் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அடுத்த மாதம் வந்து சொன்னார், நாற்காலி கேட்டுப் பார்த்தாராம், பட்ஜெட் இல்லை. பழைய நோயாளி, புது நோயாளி இருவருக்கும் சீட்டுப் போடும் இடத்தைப் பிரித்து, ரத்தப் பரிசோதனையை டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிக்கும்படி மாற்றினாராம். காத்திருக்கும் நேரம் குறைந்ததும் நிற்கிறவர்கள் தானாகக் குறைந்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் எங்கள் ஆலை வாசலில் எடைமேடைக்கு முன் நிற்கும் லாரிகளை எண்ணப் போனேன். யூடியூபில் இது கிடைக்காது.

வீட்ல சமாளிக்க முடியுமா?

நீங்கள் சமாளிப்பீர்கள். வீட்டில் இருப்பவர் சமாளிப்பாரா என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் என் மனைவி தனியாகப் போய், "அவருக்குப் பரீட்சை" என்று சொல்லிவிட்டு வந்தாள். நாற்பது வயது ஆளுக்குப் பரீட்சை என்று சொல்ல எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். 2015 மார்ச்சில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, எனக்குக் கடைசி செமஸ்டர் பிராஜக்ட். ஒரே மேஜை, ஒரே மின்விசிறி. அவள் என்னை விட ஒழுங்காகப் படித்தாள்.

என்னோடு படித்த பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. செவிலியர் அம்மா ஞாயிறு காலை ஐந்து மணிக்கே மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். ஆண்களில் யாரும் அப்படி வந்ததாக எனக்குத் தெரியாது, நானும் உட்பட. சேர்வதற்கு முன்னால் யார் எதைச் செய்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் பேசவில்லை.

ஆபீஸ்ல சொல்லிட்டுப் படிக்கணுமா?

சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் மாற்றிக் கேட்க வேண்டிவரும், எத்தனை தடவை பாட்டியைச் சாகடிப்பீர்கள்? 'எம்பிஏ சார்' என்று கேலி செய்வார்கள். ஆறு மாதத்தில் அலுத்துவிடும். மேலதிகாரிக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தும். அவரிடம் பாடச் சொற்களைப் பேசாமல் இருப்பது உத்தமம்.

பணம்?

கம்பெனி கட்டினால் பெரும்பாலும் இத்தனை வருடம் விலகக் கூடாது என்று பாண்டு எழுதி வாங்கும். கையெழுத்துப் போடும் முன் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் படியுங்கள். நான் என் பணத்தைத்தான் கட்டினேன். கல்விக் கடன் வாங்கினால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் கட்டும் வட்டி முழுவதையும் எட்டு வருடம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அசலுக்கு அந்தச் சலுகை இல்லை. புதிய வரி முறையில் வட்டிக்கும் இல்லை. நகையை வைத்துப் படிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். எங்கள் வகுப்பில் ஒருவர் வைத்தார், படிப்பை விட நகையை மீட்பதுதான் நீளமாகப் போனது.

யார் படிக்கக் கூடாது?

வேலையில் ஒருவரோடு சண்டை, அதிலிருந்து தப்பிக்க ஒரு பட்டம் என்று வருகிறவர்கள். அந்தச் சண்டை வகுப்புக்கும் கூடவே வரும். அப்புறம், சொந்தமாகக் கடையோ பட்டறையோ வைத்து நன்றாக நடத்துகிறவர்கள். அவர்கள் ஒரு நல்ல கணக்காளரிடம் மாதம் ஒருநாள் உட்கார்ந்தாலே பாதிப் பாடம் வந்துவிடும்.

நடுவுல விட்டுட்டா?

ஒன்றும் ஆகாது. பல பல்கலைக்கழகங்களில் பாக்கித் தாள்களை எழுதி முடிக்கச் சில வருடம் அவகாசம் உண்டு. சேரும்போதே எத்தனை வருடம் என்று கேட்டுவையுங்கள்.

உங்க பழைய புத்தகமெல்லாம் இருக்கா? தருவீங்களா?

மார்க்கெட்டிங், மனிதவளம் இரண்டையும் இரவல் வாங்கிப் போனவர்கள் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறார்கள் போல. ஆப்பரேஷன்ஸ் புத்தகம் ஸ்டோர்ஸ் அண்ணன் ஓய்வு பெற்ற அன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பேரனுக்கு என்றார். இருப்புக் கட்டுப்பாடு அத்தியாயத்தில் மட்டும் பக்கத்தை மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அக்கவுன்ட்ஸ் புத்தகம் இருக்கிறது, 112ஆம் பக்கத்தில் சாம்பார் கறை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் திருப்பிக் கொடுங்கள். மச்சானுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது.